அரைச் சுற்று

12 பிப்ரவரி 2025, புதன்

உரக்கடையில் டைரி கொடுத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் அடியில் பூச்சிமருந்து விளம்பரம். வழக்கம்போல மேல் பாதி புக்கிங்குக்கு, கீழ்ப் பாதி எனக்கு.

ரிஷிவந்தியத்தில் காதுகுத்துக்கு நம் மைக் செட். பாக்ஸ் நான்கு, ஹாரன் இரண்டு. வேப்பமரத்தில் ஹாரனைக் கட்டிவிட்டு இறங்கும்போது முட்டி பிசகிவிட்டது. "நாப்பத்தஞ்சு வயசுல மரம் ஏறிக்கினு கீறீங்க" என்று கோகிலவாணி தைலம் தேய்த்தபடியே திட்டினாள். திட்டினாலும் நன்றாகத்தான் தேய்த்தாள்.

16 பிப்ரவரி, ஞாயிறு

எழில்மதி சென்னை ஹாஸ்டலிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்திருக்கிறாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே போனில் ஏதோ பாட்டுப் போட்டாள். நான் வாசலில் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். டிரம்ஸில் முதல் நான்கு அடி விழுந்ததும் கை நின்றுவிட்டது.

போர்டு இல்லாத பஸ்ஸு வருது, ஏறுறவன் ஏறு.

இருபத்தோரு வருடம் ஆயிற்று. அந்தக் கட்டைக் குரல், அந்த இழுவை, அதே பாட்டு. என் வீட்டு வாசலில், என் பெண் கையில்.

"ப்பா, இது நம்ம ஊரு பேண்டுப்பா! மறுகால்னு பேரு. சென்னைல புதுசா வர்ற பேண்டு அத்தினியும் இவுங்கள மாரிதான் வாசிக்குது. இன்னா சவுண்டு பாரேன், எரும நடந்து வர்ற மாரி!"

சந்தோஷ் என்று ஒரு பையனாம், அவனும் கிடார் வாசிப்பவனாம். கள்ளக்குறிச்சி வாரச்சந்தையில் பழைய சாமான் விற்கிற தார்ப்பாயில் எங்கள் மறுகால் கேசட்டை எடுத்திருக்கிறான். இரண்டு வருடம் முன்பு நெட்டில் போட்டான். லட்சக்கணக்கில் கேட்டிருக்கிறார்கள். டீ ஷர்ட்கூடப் போட்டிருக்கிறார்கள்.

"இந்த பேண்டை ஆரம்பிச்சவனே நான்தான்டி" என்றேன்.

அவள் கேசட் அட்டையின் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினாள். குரல், கிடார்: தமிழழகன். டிரம்ஸ்: ராஜாங்கம். அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி, சின்ன எழுத்தில், சரியாக மடிப்பில் வந்து தேய்ந்து போயிருக்கிறது. அங்கேதான் 'மைக் செட் உதவி: காசிநாதன்' என்று இருந்தது.

"உன் பேரு இல்லியேப்பா" என்றாள்.

17 பிப்ரவரி, திங்கள்

கடைக்கு வந்த மூன்று பேரிடம் எரிந்து விழுந்தேன். ஒருவர் துக்க வீட்டிலிருந்து வந்தவர்.

27 பிப்ரவரி, வியாழன்

மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு மைக் செட் நம்முடையது. டீ குடிக்கிற இடத்தில் பஞ்சாயத்து போர்டு கிளார்க் கேட்கிறார்: "இன்னா காசி, உன் சினேகிதன் தமிழழகன் உலகப் புகழ் ஆயிட்டானாமே?"

உலகப் புகழ்! காலை ஏழு மணிக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குத் தனியார் பஸ் ஓட்டுகிறவன்.

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

கிடார் வாங்கியது நான். திருச்சி போய் வாங்கி, அரிசி மூட்டைமேல் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். தியாகதுருகம் ஏரியின் மறுகாலில், மிச்சத் தண்ணீர் வழிகிற கல்கட்டில் உட்கார்ந்துதான் பழகினோம், அதனால் அந்தப் பேர். வைத்தது நான். பாட்டு எழுதினேன், பதினோரு பாட்டு. "ஒன்னுது கல்யாணப் பத்திரிக மாரி கீதுடா" என்று சிரித்தான் தமிழழகன். அவன் பஸ்ஸையும் கரும்பு லாரியையும் பற்றி எழுதியது பாட்டாம், நான் எழுதியது பத்திரிகையாம்!

படித்துப் பார்த்தால் பத்திரிகைதான். அது வேறு விஷயம்.

9 மார்ச், ஞாயிறு

இத்தனை வருடம் எழுதாததை இன்று எழுதிவிடுகிறேன். ராஜாங்கம் கொரோனாவில் போய்விட்டான். அவனுக்கும் தெரியாமலே போயிற்று. நான் செய்தது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

2004 மே மாதம். வெள்ளிமலையில் ஒரு கடுக்காய் குடோன். ஊரில் எங்கே ரெக்கார்டு செய்தாலும் லாரிச் சத்தம் விழும். மலையில் சத்தம் இல்லை. மூட்டைகளைக் கூரை வரை அடுக்கியிருந்ததால் எதிரொலியும் இல்லை. அந்த இடத்தைக் கண்டுபிடித்தவன் தமிழழகன்தான், அப்போது கடுக்காய் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஆம்ப்ளிபயர், மைக், டெக் எல்லாம் என்னுடையது. நான் கிடாரை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றேன். அவன் வந்து என் தோளிலிருந்து பட்டையைக் கழற்றினான். "நீ டெக்கப் பாத்துக்கோ மச்சான். பாட்ட நான் பாத்துக்கறேன்" என்றான். ராஜாங்கம் டிரம்ஸுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான். இருவரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. தமிழழகன் சிரித்தபடிதான் சொன்னான், கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

டெக் மோட்டாரின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை உண்டு. உள்ளே ஒரு ஸ்க்ரூ. அதைத் திருப்பினால் டேப் ஓடும் வேகம் மாறும். எங்கள் தொழில்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மதியம் அவர்கள் இருவரும் சாப்பிடப் போனார்கள். எனக்குப் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். டெஸ்டரை உள்ளே விட்டு அரைச் சுற்று திருப்பினேன்.

வேகமாக ஓடும் டெக்கில் பதிந்ததை வேறு டெக்கில் போட்டால் மெதுவாக வரும். குரல் கட்டையாகும். அவ்வளவுதான் வேலை. சாப்பிட்டு வந்து ஆறு பாட்டும் பாடினான். கேட்டுப் பார்ப்போம் என்றார்கள். அதே டெக்கில் போட்டால் சரியாகத்தான் கேட்கும், அதனால் பஸ் போய்விடும் என்று விரட்டினேன்.

கள்ளக்குறிச்சியில் கேசட் காப்பி எடுக்கும் கடையில்தான் முதல் தடவை கேட்டோம். "இன்னாடா, ஸ்லோவா கீது?" என்றான் ராஜாங்கம். "மலக் குளிருல ஒனக்கு கை வெறச்சிருக்கும்" என்றேன். மே மாதம்! நம்பினான்.

தமிழழகன் மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்: "இதுவாடா என் கொரலு?"

"ஆமாடா. நம்ம கொரலு நமக்கு வேற மாரி கேக்கும். வெளிய இருக்கறவனுக்கு இப்பிடித்தான் கேக்குது" என்றேன்.

நான் மைக் செட்காரன். அந்த விஷயத்தில் நான் சொன்னால் நம்பாமல் என்ன செய்வான்?

அடுத்த மாதம் ஒரு திருவிழாவில் மேடை ஏறினான். வாயைத் திறந்தான். எதுவும் பாடாமல் இறங்கிவிட்டான். அதோடு மறுகால் முடிந்தது. இப்போது அவன் ஓட்டுகிற பஸ்ஸில் பாட்டே ஓடாது. தனியார் பஸ்ஸில் பாட்டுப் போடாத ஒரே டிரைவர் என்று மலைச் சனம் கேலி பேசும்.

டெக்கை நான் விற்கவில்லை. ஸ்க்ரூவைப் பழையபடி திருப்பவும் இல்லை. முதல் டேப்பும் என்னிடம்தான். அந்த டெக்கில் போட்டால் மட்டும் அவன் குரல் அவன் குரலாக வரும். மாதத்துக்கு ஒரு தடவை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்பேன். ஏன் கேட்கிறேன்? மூன்றாவது பாட்டில் அவன் மேலே போகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அங்கே வயிறு எரியும். எரியட்டும் என்றுதான் போடுகிறேன் போலிருக்கிறது.

23 மார்ச், ஞாயிறு

சந்தோஷ் என்கிற அந்தப் பையன் வந்துவிட்டான். குடுமி, மூக்கில் ஒரு வளையம். நல்ல பையன். தமிழழகனைக் கண்டுபிடித்து, அவன் பஸ்ஸிலேயே மலை ஏறி, குடோனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். ஆகஸ்டில் வெள்ளிமலையில் பகல் நேரப் பாட்டு விழா வைக்கப்போகிறார்களாம். மறுகாலுக்கு மரியாதையாம். தமிழழகன் பாடணுமாம்.

அவன் முடியாது என்று சொல்லிவிட்டானாம். "அந்தக் கொரலு எங்கிட்ட இல்ல தம்பி. எப்ப இருந்துச்சுன்னும் தெரியல" என்றானாம்.

சவுண்டுக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டேன். "இல்லண்ணே, சவுண்டு சென்னைலேர்ந்தே வருது" என்றான்.

2 ஏப்ரல், புதன்

சென்னையில் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் மலையிலிருந்து கடுக்காய் மூட்டை வரவழைத்துச் சுவரோரம் அடுக்கியிருக்கிறார்களாம், மறுகால் சத்தம் வருவதற்கு. எழில்மதி போட்டோ அனுப்பினாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் கோபம் வந்தது. கடுக்காயாம்! கடுக்காய்க்குக் கிடைக்கிற பேர்கூட எனக்கு இல்லையா?

13 ஏப்ரல், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை. சந்தோஷ் தமிழழகனைப் பேட்டி எடுக்கிறான் என்று தெரிந்தே அந்தப் பக்கம் போனேன். தமிழழகன் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். நல்லவன்தானே, கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தான். "இவந்தான் காசி. இவன் இல்லன்னா பேண்டே இல்ல" என்றான். சந்தோஷ் எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு போனை மறுபடி அவன் பக்கம் திருப்பினான்.

"இந்த டோன் எப்படிண்ணே வந்துச்சு? கிடார எதுல டியூன் பண்ணீங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. கடுக்கா மூட்டதான் காரணம்."

"அந்த வாய்ஸ்?"

தமிழழகன் கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அதக் கேட்டுத்தான் நான் பாடறத உட்டேன். இம்மாங் கொடூரமாவா கீது நம்ம கொரலுன்னு."

பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதுதாண்ணே எங்களுக்கெல்லாம் சாமி" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்தக் கையைப் பார்த்தேன். அவ்வளவுதான், வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது. "கடுக்காவும் இல்ல, சுண்டக்காவும் இல்ல. அது நான் திருப்புன ஸ்க்ரூ! டெக் ஸ்பீட நான்தான் ஏத்தி வெச்சேன். நீங்க அத்தினி பேரும் காப்பி அடிக்கறது என் சத்தம்!"

போன் என் பக்கம் திரும்பியது. இருபத்தோரு வருடம் கழித்து.

"வேணும்னேவாண்ணே செஞ்சீங்க?"

"வேணும்னேதான். பாட்டுக்கு ஒரு கனம் வேணும்னு தோணிச்சு" என்றேன்.

பாதி நிஜம். வேண்டுமென்றேதான் செய்தேன். கனமாம்!

தமிழழகன் என்னைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். "ட்ரிப்புக்கு நேரமாச்சு" என்று எழுந்து போனான். டீ பாதி அப்படியே இருந்தது.

20 ஏப்ரல், ஞாயிறு

வீடியோ வந்துவிட்டது. 'மறுகால் சத்தத்தை உருவாக்கியவர்' என்று என் போட்டோவுக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். மதுரையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள், பெங்களூரிலிருந்து ஒருவன். கோகிலவாணி பக்கத்து வீட்டுக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தாள். கிளார்க் கடைக்கே வந்து கை கொடுத்தார்.

பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது. சோறுகூட இரண்டு கரண்டி அதிகம் சாப்பிட்டேன்.

22 ஏப்ரல், செவ்வாய்

எழில்மதி போனில்: "ப்பா, சவுண்டுக்காகத்தான் செஞ்சேன்னா அந்த அங்கிள்கிட்ட ஏன் சொல்லல? அவர் பாடறதையே உட்டுட்டாராமே."

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

1 ஜூன், ஞாயிறு

மே மாதம் எதுவும் எழுதவில்லை. கல்யாண சீசன். எந்த பஸ் வந்தாலும் ஓட்டுவது அவனாக இருக்குமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

15 ஜூன், ஞாயிறு

தமிழழகன் கடைக்கு வந்தான். பகல் பதினொரு மணி. காக்கிச் சட்டை, தோளில் துண்டு. கத்துவான், அடிப்பான் என்று நினைத்து எழுந்து நின்றேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

"அந்த டெக்கு கீதா?" என்றான்.

அலமாரியின் அடியிலிருந்து எடுத்தேன். தூசி இல்லை. அதை அவன் கவனித்தான். போன வாரம் துடைத்தது.

டேப்பைப் போட்டேன். ஷட்டரை இறக்கப் போனேன், வேண்டாம் என்று கை காட்டினான். முக்காலியில் உட்கார்ந்து, முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டான். ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோலவே விரல் மடங்கியிருந்தது. ஆறு பாட்டு. நடுவில் அவன் கண்டக்டர் இரண்டு தடவை போன் செய்தான், எடுக்கவில்லை. மூன்றாவது பாட்டில் அந்த இடம் வந்தபோது தலையை மட்டும் லேசாக ஒரு பக்கம் சாய்த்தான்.

டேப் முடிந்து பட்டன் தானாக மேலே வந்தது.

"நல்லாத்தான்டா பாடிகீறேன்" என்றான்.

அப்புறம் டெக்கைப் பார்த்தபடியே கேட்டான்: "இத்தினி வருசமும் நீ மட்டும் கேட்டுக்கினு இருந்தியா?"

தலையாட்டினேன். ஏன் செய்தாய் என்று அவன் கேட்பான், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவன் கேட்கவில்லை.

"பென் டிரைவ்ல ஏத்திக் குடு. பஸ்ல போடற எடம் கீது, சும்மாதான் கெடக்குது" என்றான்.

18 ஜூன், புதன்

அந்த டெக்கிலிருந்தே வயர் போட்டு ஆறு பாட்டையும் ஏற்றிக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் கண்ணாடி வழியாக வாங்கிக்கொண்டான்.

6 ஜூலை, ஞாயிறு

சரியான வேகத்தில் இருப்பதைச் சந்தோஷுக்கும் அனுப்பினேன். நானாகத்தான். ஏதோ ஒரு நல்ல எண்ணம், எப்போதாவது வரும்.

பதில் வந்தது: "கேட்டேண்ணே. நல்லாருக்கு. ஆனா இது நார்மலா இருக்குண்ணே. அந்த இது இல்ல. விழாவுக்கு நாம ஸ்லோதான் போடறோம்."

படித்ததும் நெஞ்சு குளிர்ந்தது. அவன் குரல் வேண்டாமாம், என் ஸ்க்ரூதான் வேண்டுமாம். ஜெயித்துவிட்டேன். ஒரு நிமிடம் முழுசாக அப்படித்தான் இருந்தேன், வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன். பிறகு முக்காலியைப் பார்த்தேன், அவன் உட்கார்ந்திருந்த முக்காலி. அதை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டேன்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

24ஆம் தேதி விழா. மேடையில் எனக்குச் சால்வையாம். ஆடி சீசனில் தொண்டை கட்டிப் போயிருக்கிறது, மைக்கில் என்ன பேச? தமிழழகனைக் கூப்பிட்டதற்கு, "அன்னிக்கு எனக்கு ட்ரிப் கீது" என்று சொல்லிவிட்டானாம். கோகிலவாணி வெள்ளைச் சட்டையை இரண்டு தடவை துவைத்துவிட்டாள்.

25 ஆகஸ்ட், திங்கள்

நேற்று நடந்ததை நேற்று எழுத முடியவில்லை.

மலைக்கு வேறு பஸ்ஸிலும் போயிருக்கலாம். தமிழழகனின் ஏழு மணி பஸ்ஸில்தான் ஏறினேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், இஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கண்ணாடியில் என்னையும் வெள்ளைச் சட்டையையும் பார்த்தான். "சால்வைக்கா?" என்றான். "ஆமா" என்றேன்.

பஸ் நிறையக் காலேஜ் பிள்ளைகள். கறுப்பு டீ ஷர்ட், நெஞ்சில் 'மறுகால்'. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அவன் பென் டிரைவைப் போட்டான். போர்டு இல்லாத பஸ்ஸு வருது. சரியான வேகம். அவன் குரல். முன் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த குஞ்சம்மாள் என்கிற மலைக்கார அம்மா காலால் தாளம் போட்டுக்கொண்டு வந்தது. தினமும் இதே பஸ்தான் போலிருக்கிறது, அதற்கு எல்லாப் பாட்டும் தெரிந்திருந்தது.

மூன்றாவது வளைவில் பின்னாலிருந்து ஒரு பையன் கத்தினான்: "அண்ணா, யாரோ மறுகால் பாட்டப் பாடி கெடுத்து வெச்சிருக்கான்! இத நிறுத்திட்டு ஒரிஜினல் போடுங்கண்ணா! நாங்க புளூடூத் தர்றோம்!"

பஸ்ஸே சிரித்தது. தமிழழகன் ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்து சுவிட்சுக்குக் கொண்டுபோனான். சாதாரணமாக, லைட்டை அணைக்கப் போகிற மாதிரி. அந்தக் கை எனக்கு நன்றாகத் தெரியும். மேடையிலிருந்து பாடாமல் இறங்கியபோது வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த கை.

"கைய எடுடா" என்றேன்.

எழுந்து நின்றேன். வளைவில் தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என்ன பேசினேன் என்று வரிசையாக ஞாபகம் இல்லை. இதுதான்டா ஒரிஜினல் என்று சொன்னேன். "பாடறது இந்த டிரைவரு. நீங்க கேக்கறது நான் கெடுத்தது. கனமும் இல்ல, ஒரு மயிரும் இல்ல. எனக்குப் பொறாம! அவன் நல்லாப் பாடனான், எனக்குப் பாட வரல. அதான் ஸ்க்ரூவத் திருப்புனேன். அது ஒன் கொரலுதான்னு அவன் மூஞ்சப் பாத்து சொன்னேன். அவன் பாடறத உட்டுட்டான்." கத்தித்தான் சொன்னேன்.

ஒரு பையன் போனை உயர்த்தினான். பக்கத்திலிருந்த பெண் அதை இறக்கிவிட்டாள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது பாட்டு வந்தது, அவன் மேலே போனான். குஞ்சம்மாள் மட்டும் என்னைப் பார்த்து, "ஒக்காரு சாமி, உழுந்துடப் போற" என்றது.

வெள்ளிமலையில் எல்லாரும் இறங்கினார்கள். சில பிள்ளைகள் இறங்கும்போது தமிழழகனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தூரத்தில் விழா மைதானத்தில் என் சத்தம் கேட்டது, இழுவையாக. நான் இறங்கவில்லை.

"எறங்கலியா?" என்றான், திரும்பாமல்.

"இல்ல."

இஞ்சினை அணைத்தான். காலியான பஸ்ஸில் நாங்கள் இருவர்தான். பிறகு கேட்டான்: "நாங்க சாப்புடப் போனப்பவா?"

"ஆமா."

"அன்னிக்கு நீயும் வந்துருக்கலாம்டா." ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்தான். "ராஜாங்கம் ஒனக்குன்னு பொட்டலம் கட்டியாந்தான். காசி பசிக்கலன்னு பொய் சொல்றான்டா, கோவமா கீறான்னு சொன்னான்."

சாமைச் சோறும் கருவாட்டுக் குழம்பும். தேக்கிலையில் கட்டியிருந்தது. டெஸ்டரைப் பையில் போட்டுவிட்டு அதை நான் சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. இருபத்தோரு வருடத்தில் அது எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

ரிடர்ன் ட்ரிப்பில் அதே பஸ்ஸில் இறங்கி வந்தேன். கோகிலவாணி சால்வை எங்கே என்றாள். போடவில்லை என்றேன்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

சந்தோஷ் நான்கு தடவை கூப்பிட்டான். ஐந்தாவது தடவை எடுத்து, பஸ்ஸில் சொன்னதை அப்படியே சொன்னேன். "இத வீடியோல சொல்வீங்களாண்ணே?" என்றான். சொல்கிறேன் என்றேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

எலவனாசூர்கோட்டையில் வளைகாப்பு. பாக்ஸ் இரண்டுதான், சின்ன விசேஷம். பந்தல்காரர்கள் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள், சொந்தக்காரர்கள் இன்னும் வரவில்லை.

தமிழழகன் இன்று லீவு போட்டிருக்கிறான். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். சும்மா வந்தேன் என்றான். மைக் டெஸ்ட்டுக்கு எப்போதும் நான்தான் ஹலோ சொல்வேன். இன்று மைக்கை அவனிடம் நீட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிவிட்டுத் தருவான் என்று நினைத்தேன்.

மூன்றாவது பாட்டைத் தொடங்கினான். கிடார் இல்லை, டிரம்ஸ் இல்லை, வெறும் குரல். நாற்பத்தைந்து வயசுக் குரல், ஓரத்தில் கொஞ்சம் புகை படிந்திருக்கிறது. மேலே போகிற இடத்தில் உடைந்தது. நிறுத்தினான். தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்தத் தடவை போய்ச் சேர்ந்தான். ஏணிமேல் நின்ற பந்தல்காரர் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. பழையபடியேதான், கொஞ்சமும் குறையவில்லை. ஆம்ப்ளிபயரில் டிரெபிள் குமிழ் என் விரலுக்கு நேர் கீழே இருந்தது. லேசாகத் திருப்பினால் போதும், குரல் மங்கிவிடும், யாருக்கும் தெரியாது.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பாட்டு முடிகிற வரை அங்கேயே வைத்திருந்தேன்.